கையடக்க கன்சோல்ல ப்ளூடூத் ஹெட்போன்: சத்தம் நிஜமாவே லேட்டா வருதா?

கேள்வி (ஆகஸ்ட் 9, 2025)

கையில வச்சு ஆடற கன்சோல் வாங்கி மூணு வாரம் ஆச்சு. ஃபோனுக்கு வாங்கின இயர்பட்ஸையே ப்ளூடூத்ல இதோட சேத்து ஆடறேன். குதிக்கற பட்டனை அமுக்கினா ஆள் பாதி உயரம் போனப்புறம்தான் குதிச்ச சத்தம் காதுக்கு வருது. அதே இயர்பட்ஸ்ல ஃபோன்ல படம் பாத்தா உதடும் வசனமும் கரெக்டா பொருந்துது. கோளாறு இயர்பட்ஸ்லயா, கன்சோல்லயா, இல்ல எனக்கு மட்டும்தான் இப்படித் தோணுதா?

ஆகஸ்ட் 9, இரவு 11:20

கோளாறு எதுவும் இல்ல. தாமதம் இருக்கு, ஆனா அது பெரிய விஷயம் இல்லங்கறது என் கருத்து. ரெண்டு வருஷமா நிண்டெண்டோவோட ஸ்விட்ச் கன்சோல்ல ப்ளூடூத்லதான் ஆடறேன், ஒரு நாளும் இடைஞ்சலா தெரியல. எனக்கு வயர் ஆகாது, ஏன்னா நான் ஆடறதே ராத்திரி பத்து மணிக்கு மேல, பக்கத்துல குழந்தை தூங்கும், ஒரு தடவை தூக்கத்துல புரண்டு வயர்ல கை மாட்டி கன்சோல் கட்டில்லேருந்து கீழ விழுந்துச்சு, நல்ல வேளை உடையல, ஆனா அந்த சத்தத்துல எழுந்தவ திரும்ப தூங்க ஒரு மணி நேரம் ஆச்சு. அன்னிக்கு விட்டதுதான் வயரை. கொஞ்ச நாள் ஆடுங்க, பழகிடும்.

ஆகஸ்ட் 10, காலை

நேத்து படம் பத்தி கேட்டதுக்கு பதில் சொல்லாம விட்டுட்டேன். படத்துல பொருந்தறதுக்குக் காரணம், ஃபோன் படத்தைப் பிடிச்சு வைக்குது. 'எனக்கு இவ்வளவு தாமதம் ஆகும்'னு இயர்பட்ஸே ஃபோனுக்கு சொல்றதுக்கு ப்ளூடூத்ல வழி இருக்கு, வீடியோ ஆப் அதைக் கணக்குல எடுத்து காட்சியை அந்த அளவுக்குத் தள்ளிப் போடும், சத்தமும் படமும் சேர்ந்தே லேட்டா வரும், ஒப்பிட்டுப் பாக்க எதுவும் இல்லாததால நமக்குத் தெரியாது. கேம்ல அதைச் செய்ய முடியாது. அடுத்து என்ன நடக்கணும்னு உங்க விரல்தான் சொல்லுது, படத்தைத் தள்ளிப் போட்டா பட்டன் அமுக்கி ரொம்ப நேரம் கழிச்சு ஆள் குதிப்பான், அதை யாரும் பொறுத்துக்க மாட்டோம். அதனால படம் உடனே வருது, சத்தம் பின்னாடி ஓடி வருது.

ஆகஸ்ட் 10, மதியம்

அளந்து பாத்தேன். ஃபோன் கேமராவை கன்சோல் திரைக்கு நேரா நிறுத்தி, ஒரு பட்ஸைக் கழட்டி ஃபோன் மைக் மேல வச்சு, குதிக்கறதை ரெக்கார்ட் பண்ணி, எடிட்டிங் ஆப்ல ஒவ்வொரு ஃப்ரேமா (வீடியோல வர்ற ஒவ்வொரு தனிப் படமா) நகத்திப் பாத்தேன். கால் தரையை விட்ட ஃப்ரேமுக்கும் சத்தத்தோட அலை எழும்பற இடத்துக்கும் நடுவுல 6 ஃப்ரேம். செகண்டுக்கு 60 ஃப்ரேம், அப்ப ஒரு ஃப்ரேம் 16.7 மில்லிசெகண்ட், ஆறு ஃப்ரேம்னா 100. பத்துல ஒரு பங்கு செகண்ட். நான் சொன்னது சரிதான், இதுக்குப் போய் கவலைப்பட வேண்டாம்.

ஆகஸ்ட் 10, மாலை

இந்த 100ஐ வச்சு ஒரு விஷயம். டிவி ஒளிபரப்புக்காக ஐடியூ (ஐ.நா.வோட தொலைத்தொடர்பு அமைப்பு) 1998ல வெளியிட்ட பரிந்துரைல, சத்தம் படத்துக்கு 45 மில்லிசெகண்ட் முந்தினாலே ஜனங்க கண்டுபிடிச்சுடறாங்க, ஆனா பிந்தி வந்தா சுமார் 125 வரைக்கும் தெரியறதில்லன்னு இருக்கு. எனக்கு இது ரொம்பப் பிடிச்ச கணக்கு. தூரத்துல ஒருத்தர் மரம் வெட்டினா கோடாரி விழறது முதல்ல தெரியும், சத்தம் அப்புறம் வரும். பிறந்ததுலேருந்து அப்படியே பாத்துப் பழகின மூளை, பிந்தற சத்தத்தை மன்னிச்சுடும், முந்தற சத்தத்தை மன்னிக்காது. என் 100 அந்த 125க்குள்ள வருது.

ஆகஸ்ட் 12, இரவு

மேல எழுதின அளவு தப்பு. யாரும் அதை நம்பி முடிவு எடுக்க வேண்டாம்.

அக்கா வந்திருந்தா. அவ கீபோர்டு வாசிக்கறவ. பாட்டோட தாளத்துக்குப் பட்டன் அமுக்கற ரிதம் கேம் ஒண்ணு போட்டுக் குடுத்து என் இயர்பட்ஸையும் குடுத்தேன். ஒரு நிமிஷம் கூட ஆடல, கழட்டிட்டா. "டேய், விரல் ஒரு இடத்துல இருக்கு காது ஒரு இடத்துல இருக்கு, இதை எப்படிடா ரெண்டு வருஷமா ஆடறே?"ன்னு கேட்டா. நான் 100 மில்லிசெகண்ட் கதையை சொன்னேன். "நூறா? சான்ஸே இல்ல, நல்லா பாரு"ன்னா.

பாத்தேன். ஃபோன்ல வீடியோ செட்டிங் செகண்டுக்கு 30 ஃப்ரேம்ல இருந்திருக்கு, நான் 60ன்னு நினைச்சு கணக்குப் போட்டிருக்கேன். அப்ப ஒரு ஃப்ரேம் 33.3, ஆறு ஃப்ரேம் 200. கண்ணால் காண்பதும் பொய் காதால் கேட்பதும் பொய்னு பெரியவங்க சொன்னாங்க, தீர விசாரிக்கறதுல முதல் வேலை கேமரா செட்டிங்கைப் பாக்கறது.

60க்கு மாத்தி பத்து தடவை எடுத்தேன். 11லேருந்து 13 ஃப்ரேம் வரைக்கும் மாறி மாறி வருது, அதாவது 183லேருந்து 217 மில்லிசெகண்ட். வயர் ஹெட்போனை ஜாக்ல சொருகி எடுத்தா ஒரு ஃப்ரேமுக்கு மேல தள்ளல. 125க்குள்ள வருதுன்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். சத்தம் காத்துல செகண்டுக்கு 343 மீட்டர் போகும், 200 மில்லிசெகண்ட்னா கிட்டத்தட்ட 68 மீட்டர். கையில பிடிச்சிருக்கற திரையிலேருந்து 68 மீட்டர் தள்ளி நின்னு கேக்கறா மாதிரி நான் ரெண்டு வருஷம் ஆடியிருக்கேன்.

ஆகஸ்ட் 13

அந்த 200 எங்க போகுதுன்னு கேட்டிருக்கீங்க. ரேடியோ அலை போற நேரம் ஒண்ணுமே இல்ல, அது ஒளி வேகம். கன்சோல் முதல்ல சத்தத்தைச் சுருக்கணும், எல்லா ப்ளூடூத் ஹெட்போனுக்கும் பொதுவான எஸ்பிசிங்கற கோடெக்ல (சத்தத்தைச் சுருக்கி விரிக்கற முறை), அதைப் பொட்டலமாக் கட்டி அனுப்பணும், இயர்பட்ஸ் அதைப் பிரிச்சு விரிக்கணும், இடது வலது ரெண்டும் ஒரே நேரத்துல பாடணும். இதெல்லாம் சில்லறை. பெரும் பங்கு எங்கன்னா இயர்பட்ஸ் கொஞ்சம் சத்தத்தை முன்கூட்டியே வாங்கி சேத்து வச்சுக்கிட்டுதான் ஒலிக்கவே ஆரம்பிக்கும். ஏன்னா ப்ளூடூத் ஓடறது 2.4 கிகாஹெர்ட்ஸ்ல, வைஃபையும் அங்கதான், மைக்ரோவேவ் அடுப்பு கசியறதும் அங்கதான். 79 சேனல்ல செகண்டுக்கு 1600 தடவை தாவித் தாவித்தான் தப்பிக்குது. தாவியும் சில பொட்டலம் அடிபடும், திரும்ப அனுப்பணும், அது வந்து சேர்ற வரைக்கும் பாட்டு அறுந்து போகாம இருக்கத்தான் அந்த சேமிப்பு. பாட்டு கேக்கறவங்களுக்கு அது வரம். நமக்கு அதே சேமிப்புதான் தாமதம்.

இயர்பட்ஸ்ல 'கேம் மோட்'னு வரும் பாருங்க, அது பெரும்பாலும் இந்த சேமிப்பைக் குறைக்கறதுதான். என்னோடதுலயும் இருக்கு. வீட்டுல போட்டா பரவாயில்ல, 13 ஃப்ரேம் 9 ஆச்சு. ரயில் பிளாட்பாரத்துல, சுத்தி நூறு பேர் காதுல இயர்பட்ஸோட நிக்கற இடத்துல போட்டேன், சத்தம் துண்டு துண்டா வந்துச்சு. ரெண்டு நிமிஷத்துல பழைய மோடுக்குப் போயிட்டேன்.

ஆகஸ்ட் 13, இன்னொண்ணு

மறக்கறதுக்கு முன்னாடி: கேம் டவுன்லோட் ஓடும்போது சத்தம் விக்கினா வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாத்துங்க. எனக்கு அதோட நின்னுச்சு.

ஆகஸ்ட் 17

ஸ்விட்ச் வச்சிருக்கறவங்களுக்குத் தனியா எழுதறேன், மூணு பேர் ஒரே மாதிரி கேட்டிருக்கீங்க. இது 2017 மார்ச்ல வந்தப்ப ப்ளூடூத் ஆடியோவே கிடையாது, கன்ட்ரோலருக்கு மட்டும்தான் ப்ளூடூத். 2021 செப்டம்பர்ல 13.0.0 அப்டேட்லதான் வந்துச்சு. சிஸ்டம் செட்டிங்ஸ்ல ப்ளூடூத் ஆடியோன்னு இருக்கும், பத்து ஹெட்போன் வரைக்கும் ஞாபகம் வச்சுக்கும், ஒரு நேரத்துல ஒண்ணுதான் ஓடும். அதுல நிண்டெண்டோவே சொல்ற மூணு நிபந்தனை இருக்கு. ப்ளூடூத் ஹெட்போன் ஓடும்போது வயர்லெஸ் கன்ட்ரோலர் ரெண்டுக்கு மேல சேராது, கழட்டின ஜாய்-கான் (கன்சோலோட ரெண்டு ஓரத்துலயும் மாட்டற குட்டி கன்ட்ரோலர்) ஒரு ஜோடின்னா அதுவே ரெண்டு. பக்கத்துல உக்காந்திருக்கறவரோட கன்சோலுக்கு கன்சோல் லோக்கல் வயர்லெஸ்ல ஆட ஆரம்பிச்சா ஹெட்போன் துண்டிச்சுடும். ப்ளூடூத் மைக் வேலை செய்யாது.

கையில வச்சு ஆடும்போது முதல் நிபந்தனை உங்களைத் தொடாது, ஜாய்-கான் ரெண்டும் கன்சோல் ஓரத்துல மாட்டியிருக்கும்போது அந்த மாட்டற தடம் வழியாவே பேசிக்கும், ரேடியோ வேண்டாம்.

சத்தம் ரொம்பக் கம்மியா இருக்குன்னு எழுதினவருக்கு: 2022 மார்ச்ல வந்த 14.0.0 அப்டேட்லேருந்து கன்சோல் பட்டன்லயும் கூட்டலாம், ஹெட்போன் பட்டன்லயும் கூட்டலாம், ஹெட்போன் அதுக்கு ஒத்துழைக்கறதா இருக்கணும், அவ்வளவுதான். புதுசா சேர்க்கும்போது காதைக் காப்பாத்த வால்யூமைத் தானே இறக்கி வைக்கும். உங்களுக்கு நடந்தது அதுவாத்தான் இருக்கும், கூட்டிப் பாருங்க.

ஆகஸ்ட் 18

மைக் விஷயத்துல ஸ்விட்ச்காரங்க வருத்தப்பட வேண்டாம். ஃபோன்லயும் கம்ப்யூட்டர்லயும் ப்ளூடூத் மைக்கைத் திறந்த உடனே என்ன ஆகுதுன்னா, பாட்டுக்கான பாதையிலேருந்து டெலிஃபோன் பேச்சுக்கான பாதைக்கு ஹெட்போன் மாறிடும். ஸ்டீரியோ போயிடும், கேம் சத்தம் முழுக்க பழைய ஃபோன்ல பேசற மாதிரி சப்புன்னு ஆயிடும். நண்பரோட பேசிக்கிட்டே ஆடணும்னா வயர் ஹெட்செட், இல்லன்னா டாங்கிளோட (யூஎஸ்பில சொருகற குட்டி வயர்லெஸ் கருவி) வர்ற ஹெட்செட்.

ஆகஸ்ட் 24, நள்ளிரவு

ஒரு வாரமா மனசுல ஓடிக்கிட்டிருந்ததை எழுதிடறேன், இந்த இழையில நான் சொல்ல வந்ததே இதுதான்னு இப்பத்தான் புரியுது.

முதல் நாள் 'பழகிடும்'னு எழுதினேன் இல்லையா. அக்கா போனப்புறம் எனக்கு நானே ஒரு பரீட்சை வச்சுக்கிட்டேன். வாள் சண்டை கேம் ஒண்ணு, எதிரி வெட்ட வர்றதுக்கு முன்னாடி வாளை உருவற ஒரு 'ஸ்ஸிங்' வரும், அப்ப தடுத்தா சரியா விழும். குழந்தை மத்தியானம் பாட்டி வீட்டுல இருந்தா, அதனால பழைய வயர் ஹெட்போனை எடுத்து சொருகினேன். முதல் பத்து நிமிஷம் எதுவும் வித்தியாசமா தெரியல. அப்புறம் ஒரு எதிரி எனக்குப் பின்னாலேருந்து, திரைக்கு வெளியிலேருந்து வாளை உருவினான், என் விரல் தானாத் தடுத்துச்சு. நான் பாக்கவே இல்ல. கேட்டேன், தடுத்தேன், அவ்வளவுதான்.

ரெண்டு வருஷமா அது எனக்கு நடந்ததே இல்ல. அந்த கேமை முழுசா முடிச்சிருக்கேன், ஆனா முழுக்கக் கண்ணாலதான் ஆடியிருக்கேன். சத்தம் எப்பவும் தப்பான நேரத்துல வந்ததால, எனக்கே தெரியாம அதை நம்பறதை விட்டுட்டேன், பின்னணில ஓடற பாட்டு மாதிரி ஆக்கிட்டேன். பின்னாலேருந்து அடி வாங்கினா 'இந்த கேம் அநியாயம்'னு சொல்லியிருக்கேன். அநியாயம் இல்ல, அவன் சொல்லிட்டுத்தான் அடிச்சான், எனக்கு அது அஞ்சுல ஒரு பங்கு செகண்ட் கழிச்சுக் கேட்டுச்சு. பழகிடுச்சுன்னு நான் நினைச்சது இதைத்தான். ஒரு புலனை மூடி வச்சதுக்குப் பேர் பழக்கம்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். சத்தத்தை அமைச்சவங்க எவ்வளவு யோசிச்சு ஒவ்வொரு அடிக்கும் ஒரு முன்னறிவிப்பு வச்சிருக்காங்க, அதைக் கேக்காம ஆடினது எனக்கு நிஜமா வருத்தமா இருக்கு.

ஆகஸ்ட் 25

நேத்து கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டு எழுதிட்டேன், ஆனா எதையும் மாத்தப் போறதில்ல. ஒண்ணு மட்டும் சேர்க்கறேன். முறை வச்சு ஆடற கேம், விவசாயம் பண்ற கேம், வசனம் படிச்சுக்கிட்டே போற கதை, புதிர், இதுக்கெல்லாம் ப்ளூடூத் தாராளமாப் போதும். மெனுல பட்டன் சத்தம் கொஞ்சம் தள்ளி வரும், அவ்வளவுதான். முதல் நாள் சொன்னது அந்த மாதிரி கேமுக்குப் பொருந்தும்.

ரிதம் கேம்ல 'காலிப்ரேஷன் இருக்கே, அதுல சரி பண்ணிக்கலாமே'ன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். பாதி சரி. அது பாட்டோட தாளத்தையும் நீங்க அமுக்கற நேரத்தையும் பொருத்திக் கணக்குப் போடும், மதிப்பெண் சரியா விழும். ஆனா நீங்க அமுக்கினா வர்ற அடி சத்தம் இருக்கே, அது அமுக்கினப்புறம்தான் பிறக்குது, அதை எந்த காலிப்ரேஷனும் முன்னாடி இழுக்க முடியாது. அந்த சத்தத்தை மட்டும் ஆஃப் பண்ண முடிஞ்சா பண்ணிட்டு ஆடுங்க. அக்கா அப்படி ஒரு பாட்டு முழுசா ஆடினா, "ஊமை கீபோர்டு வாசிக்கறா மாதிரி இருக்கு"ன்னு சொல்லிட்டு வச்சுட்டா.

செப்டம்பர் 2

கொஞ்சம் திசை மாறிப் போறேன். 'ஜாக்கே இல்லாம வர்ற காலம் வந்துடுச்சு'ன்னு ஒருத்தர் புலம்பியிருந்தார். இது புதுசே இல்ல. 1989ல வந்த கேம் பாய்ல ஸ்பீக்கர் ஒண்ணே ஒண்ணு, ஆனா ஹெட்போன் சொருகினா ஸ்டீரியோ கேக்கும். 2003ல வந்த கேம் பாய் அட்வான்ஸ் எஸ்பில ஹெட்போன் ஜாக்கை எடுத்துட்டாங்க, சார்ஜ் போடற ஓட்டைல அடாப்டர் மாட்டித்தான் கேக்கணும். சோனியோட கையடக்க கன்சோல்ல 2009ல வந்த பிஎஸ்பி கோ, 2011 கடைசில வந்த வீட்டா ரெண்டுலயும் ப்ளூடூத் இருந்துச்சு, அப்புறம் வந்த ஸ்விட்ச்ல நாலரை வருஷம் இல்ல. 2022ல வந்த ஸ்டீம் டெக்ல முதல்லேருந்தே இருக்கு. வீட்டுல இருக்கற பிளேஸ்டேஷன் 5லேருந்து வைஃபைல கேமை வாங்கிக் காட்டற, 2023 நவம்பர்ல வந்த பிளேஸ்டேஷன் போர்ட்டல்ல திரும்ப ப்ளூடூத் கிடையாது, அதுக்கு பதிலா பிளேஸ்டேஷன் லிங்க்னு தாமதம் கம்மியான தனி வயர்லெஸ், அதோட 3.5 மில்லிமீட்டர் ஹெட்போன் ஜாக்கும் இருக்கு. அதைப் படிச்சப்ப எனக்குக் கோபம் வந்துச்சு. என் 11லேருந்து 13 ஃப்ரேமைப் பாத்தப்புறம் அந்த முடிவை வேற மாதிரி பாக்கறேன், ஏற்கனவே வைஃபைல ஸ்ட்ரீம் ஆகற கேம் மேல இந்த 200ஐயும் ஏத்தினா என்ன மிஞ்சும்?

செப்டம்பர் 2, இரவு

மேல உள்ளதுல ஒரு திருத்தம். கோபம் முழுசாப் போகல. ப்ளூடூத்தும் இருக்கட்டும், வேணுங்கறவங்க போட்டுக்கட்டும்.

செப்டம்பர் 14

யூஎஸ்பி-சி டாங்கிள் வந்துடுச்சு. ஹெட்போனோட சேர்ந்தே வர்ற சோடி, 2.4 கிகாஹெர்ட்ஸ்லதான் ஓடுது ஆனா ப்ளூடூத் இல்ல, தன் ஹெட்போனோட மட்டும் பேசற சொந்த பாஷை, அதனால சேமிப்பு கொஞ்சமா வச்சாப் போதும். 60 ஃப்ரேம் வீடியோல அளந்தேன், செட்டிங்கை ரெண்டு தடவை பாத்துட்டுத்தான் அளந்தேன்: 2லேருந்து 3 ஃப்ரேம். 33லேருந்து 50 மில்லிசெகண்ட். அந்த வாள் உருவற சத்தம் வந்த உடனே கை போகுது.

கன்சோலைப் பொறுத்தவரைக்கும் இது யூஎஸ்பில மாட்டின ஹெட்செட், ப்ளூடூத் இல்ல, அதனால மேல சொன்ன கன்ட்ரோலர் நிபந்தனையும் கிடையாது.

இடைஞ்சல் இல்லாம இல்ல. ஸ்விட்ச்ல அந்த ஓட்டை அடியில இருக்கு, டாங்கிள் மாட்டினா மேஜைல நிறுத்தி வைக்க முடியாது, மடியில வச்சு ஆடும்போது தொடையில குத்துது. சார்ஜும் அதே வழி, அதனால சார்ஜ் போடற வழியோட வர்ற டாங்கிளாப் பாத்து வாங்குங்க, நான் பாக்காம வாங்கிட்டேன். ஸ்டீம் டெக்ல ஓட்டை மேல இருக்கு, குத்தாது, ஆனா ஒண்ணுதான். 2025 ஜூன்ல வந்த ஸ்விட்ச் 2ல மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு இருக்கு.

ஏபிடிஎக்ஸ் லோ லேட்டன்சி (தாமதம் கம்மியான ப்ளூடூத் கோடெக்) டாங்கிள் வாங்கலாமான்னு கேட்டவருக்கு: சுமார் 40 மில்லிசெகண்ட்ல வரும், ஆனா அனுப்பறது வாங்கறது ரெண்டு பக்கமும் அதே கோடெக் இருந்தாத்தான். ஹெட்போன் பெட்டில அந்தப் பேர் இல்லன்னா அது பேசாம எஸ்பிசிக்கு இறங்கிடும், நீங்க காசு குடுத்து அதே 200ஐ வாங்கின மாதிரி ஆயிடும்.

செப்டம்பர் 15

திடீர்னு சத்தம் நின்னுடுதுன்னு கேள்வி. ஹெட்போன் ஃபோனோடயும் சேர்ந்திருக்கா பாருங்க. ரெண்டு சாதனத்தோட ஒரே நேரத்துல இருக்கற மல்ட்டிபாயிண்ட் ஆன்ல இருந்தா ஃபோன்ல ஒரு மெசேஜ் டிங்குன்னு வந்தாலே காது அங்க போயிடும். ஆப்ல மல்ட்டிபாயிண்ட்டை ஆஃப் பண்ணுங்க, இல்ல ஆடற நேரத்துல ஃபோன் ப்ளூடூத்தை அணைங்க.

செப்டம்பர் 21

வால்யூம் பத்தி ஒரு வார்த்தை, இதை யாரும் கேக்கல, நான்தான் சொல்றேன். வெளிச் சத்தத்தை மறைக்கறதுக்காக வால்யூமை ஏத்தி ஏத்தி மணிக்கணக்கா ஆடாதீங்க. பெரியவங்களுக்கு 80 டெசிபல்ல வாரத்துக்கு 40 மணி நேரம், சின்னப் பசங்களுக்கு 75ல 40 மணி நேரம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. காதை நல்லா மூடற ஹெட்போன், இல்ல நாய்ஸ் கேன்சலிங், இருந்தா வால்யூம் தானா இறங்கும். உங்க பையன் ஆடினா அவன் ஹெட்போனை ஒரு தடவை வாங்கி உங்க காதுல வச்சுப் பாருங்க.

அக்டோபர் 5, இரவு 10:50

கேள்வி கேட்டவர் எழுதியிருந்தார், இப்ப கதை கேமுக்கு இயர்பட்ஸ், குதிக்கற கேமுக்கு வயர்னு வச்சுக்கிட்டாராம், குதிச்ச உடனே சத்தம் வர்றது இன்னும் புதுசா இருக்காம். சந்தோஷம்.

அக்கா இந்த வாரம் திரும்ப வந்திருக்கா. டாங்கிள் ஹெட்போனைக் குடுத்தேன். ஒண்ணும் சொல்லல. ஒரு பாட்டு, ரெண்டாவது, மூணாவதுன்னு போய்க்கிட்டே இருக்கா, ஒரு மணி நேரம் ஆச்சு. குழந்தை அவ மடியிலயே தூங்கிட்டா. எனக்கு கன்சோல் எப்ப திரும்பக் கிடைக்கும்னு தெரியல.